பற்றுக் கணக்கு

புளியங்குடியில் ஒருவன் தன்னைக் குடிப்பவன் என்றோ குடிக்காதவன் என்றோதான் சொல்லிக்கொள்ள முடியும். விஸ்கி சேகரிப்பவன் என்று மூன்றாவதாக ஓர் இனம் இருப்பதை ஊர் ஒப்புக்கொள்வதில்லை. தபால்தலை சேர்க்கலாம். பழைய நாணயம் சேர்க்கலாம். பேச்சு நின்றுபோன ரேடியோப் பெட்டிகளாக வாங்கி அடுக்கிவைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. மூடி திறக்காத விஸ்கி பாட்டிலை அலமாரியில் நிறுத்தி, அதன் விலையை ஒரு நோட்டிலும் எழுதிவைப்பவன் மட்டும் பொய்யனாக இருக்க வேண்டும், அல்லது இன்னும் திறக்காதவனாக இருக்க வேண்டும். இரண்டாவது சந்தேகத்தில் உண்மை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் எழுத நினைப்பது விஸ்கியைப் பற்றி அல்ல, நோட்டைப் பற்றி. விஸ்கியைப் பற்றி எழுதுவதில் ஒரு மோசமான ருசி இருக்கிறது. வெனிலா வாசனை, தோல் வாசனை, நனைந்த கம்பளி வாசனை என்று அடுக்குகிறவர்கள் நம் கவிதை விமர்சகர்களில் சிலரை ஞாபகப்படுத்துகிறார்கள். நோட்டு அப்படியில்லை. அதில் தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, கூட்டினால் ஒரு எண் வருகிறது.

சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு அது. அப்பா எலுமிச்சைக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் காலத்தில் உபயோகிக்காமல் மிஞ்சிய நோட்டுகளில் ஒன்றை 1997இல் எடுத்து, பழக்கதோஷத்தில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். போட்டதை அடிக்க மனம் வரவில்லை. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று மண்டியில் செய்வதைப் போலவே கோடு கிழித்தேன். நான் வங்கியில் வேலை பார்த்தவன். இரட்டைப் பதிவு முறை தெரியாதவன் அல்ல. ஆனாலும் இதற்கு அப்பாவின் முறைதான் சரி என்று ஏனோ தோன்றியது.

28 வருஷத்தில் 61 பாட்டில்கள். பாட்டில்களுக்கு மட்டும் 1,74,380 ரூபாய். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்கும், அந்தப் பக்கம் திருநெல்வேலிக்கும், சமயத்தில் சென்னைக்கும் இதற்காகவே போய்வந்த பயணச் செலவு 23,115. சில்லறை என்ற தலைப்பில் 38,600. அலமாரிக்கு ஆசாரி கூலி, கண்ணாடித் தம்ளர்கள், விஸ்கியைப் பற்றிய புத்தகங்கள், பார்க்க வந்தவர்களுக்கு வாங்கிய சாத்தூர் சேவு எல்லாம் இந்தச் சில்லறையில் அடக்கம். ஆக 2,36,095. வரவுப் பக்கத்தில், காலி பாட்டில்களுக்காகப் பழைய பேப்பர்க்காரர் கொடுத்தவை: ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய், ஒரு தடவை தாராளமாக மூன்று ரூபாய். நீலகிரியில் 2022இல் காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் ஆரம்பித்தபோது, காட்டில் கண்ணாடிச் சில்லு குத்தி யானைகளின் கால் புண்படுவதைத் தடுக்கத்தான் என்றாலும், அங்கே ஒருவன் நோட்டு வைத்திருந்தால் அவன் வரவுப் பக்கம் என்னுடையதைவிடக் கௌரவமாக இருக்குமே என்று யோசித்தேன்.

பற்று என்று தமிழில் கணக்குப்பிள்ளை எழுதுவதையும் சாமியார் விடச்சொல்வதையும் ஒரே சொல் சுமக்கிறது. இதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு வேண்டாம். மண்டியில் எல்லோருக்கும் தெரிந்த பழைய ஹாஸ்யம்.

சேகரிப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். 61 வாங்கியவன் வீட்டில் 61 இருக்க வேண்டும், அதுதான் சேகரிப்பு. என் அலமாரியில் ஆறுதான் இருக்கின்றன. காரணம் அடக்கம் அல்ல, சட்டம். தமிழ்நாட்டில் ஒரு தனிநபர் தன் உபயோகத்துக்காக வைத்துக்கொள்ளலாம் என்று 1996ஆம் வருஷத்து விதிகள் அனுமதித்த அளவு, இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுவகையில் 4.5 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டிலாகப் பார்த்தால் ஆறு. (பீர் 7.8 லிட்டர் என்று ஒரு கணக்கு; 650 மில்லியில் பன்னிரண்டு. விதி எழுதியவர் கையில் பாட்டிலை வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்.) சங்கரன்கோவிலில் வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவர் இதை எனக்குச் சொன்னபோது என்னிடம் நான்குதான் இருந்தன. ஆறு என்ற எண் அன்றுமுதல் எனக்கு ஒரு யாப்பு மாதிரி ஆகிவிட்டது. நான் உள்நாட்டு விஸ்கி மட்டும் சேர்ப்பதற்கும் பாதிக் காரணம் இந்த எண்தான். மீதிப் பாதி என் பென்ஷன். வெளிமாநிலத்தில் நல்லது கிடைக்கிறது என்று வாங்கி ஓசூரைத் தாண்டிக் கொண்டுவரவும் முடியாது. அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் குற்றம். எனவே இங்கே கடையில் வருவதற்குள்தான் தேர்வு.

ஏழாவதை வாங்க வேண்டுமானால் ஆறில் ஒன்று தீர வேண்டும். விற்க முடியாது, உரிமம் இல்லாமல் ஒரு பாட்டிலை விற்பதும் குற்றம். தீர வேண்டுமென்றால் குடிக்க வேண்டும். இதை நான் நோட்டில் தேதிகளை ஒப்பிட்டுத்தான் புரிந்துகொண்டேன். புதிதாக ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதங்களில் அலமாரியில் திறந்திருக்கும் பாட்டில் வேகமாகக் குறைந்திருக்கிறது. குடிக்கும் ஆசை வாங்கவைக்கிறது என்றுதான் உலகம் நினைக்கிறது. என் விஷயத்தில் வாங்கும் ஆசை குடிக்கவைத்தது. ஊர் சந்தேகப்பட்டதில் இருந்த உண்மை இதுதான்: சேகரிப்பவன் குடிப்பவனாக ஆகாமல் இங்கே சேகரிக்க முடியாது.

லண்டனில் இது வேறு மாதிரி நடக்கிறது. 1926இல் வடித்து, 60 வருஷம் மரப்பீப்பாயில் கிடந்து, 1986இல் நாற்பது பாட்டில்களில் அடைத்த மெக்காலன் விஸ்கி ஒன்று உண்டு. அதில் ஒரு பாட்டில் 2023 நவம்பரில் சோதபிஸ் ஏலத்தில் 21,87,500 பவுண்டுக்குப் போயிற்று. வாங்கியவர் குடிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அங்கே பாட்டில் வாங்குகிறவன் அதைச் சொத்துப் பக்கத்தில் எழுதலாம். வருஷக் கடைசியில் சந்தை விலைக்கு ஏற்றி ஐந்தொகை போடலாம். நம்மூரிலும் இதைப் பார்த்துவிட்டு ‘முதலீடு’ என்று பேசுகிறவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். விற்க வழியில்லாத ஒன்றை முதலீடு என்று எழுதுவது கணக்கில் மோசடி. நான் வாங்கிய அன்றே முழுத் தொகையையும் செலவில் எழுதிவிடுகிறேன். அலமாரியில் நிற்கும் ஆறும் என் நோட்டின்படி ஏற்கெனவே தீர்ந்தவை.

அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கும் ஓடுகிறது: சிறுபத்திரிகைச் சந்தா, நன்கொடை, நின்றுபோன பத்திரிகைக்கு அனுப்பித் திரும்பிவராத ஆயுள் சந்தாக்கள். அங்கேயும் வரவுப் பக்கம் காலி. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ ஆரம்பித்து 1970 வரை நடத்தினார், புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அவருடைய கணக்குப் புத்தகத்தை யாராவது பார்த்திருந்தால் இந்தப் பெருமைப் பேச்சு இவ்வளவு சுலபமாக வருமா என்பது என் சந்தேகம். இரண்டு கணக்கும் நடுப்பக்கத்தில் சந்திக்க இன்னும் பதினோரு தாள் பாக்கி.

அப்பாவின் முறையில் நான் விரும்பும் ஓர் இடம் ‘கழிவு’. எலுமிச்சை பறித்த நேரத்திலிருந்து எடை குறைந்துகொண்டே போகிறது. தோட்டத்தில் நிறுத்தது மண்டியில் இல்லை. மண்டியில் நிறுத்தது கேரளத்தில் லாரி இறங்கும்போது இல்லை. யாரும் திருடவில்லை, காற்று எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு கலம் வைத்து, வழக்கப்படி ஒரு தொகையைக் கழித்து, சண்டையில்லாமல் கணக்கை முடிப்பார்கள். 2022 ஏப்ரலில் சில்லறையில் கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டிய சமயத்தில் இந்தக் கழிவுக்கும் சண்டை வந்தது. விலை குறைந்தவுடன் பழையபடி தாராளம்.

விஸ்கிக்காரர்களும் இதே கலத்தை வைத்திருக்கிறார்கள், தேவதைகளின் பங்கு என்று அதற்கு அழகான பெயர் வைத்துக்கொண்டு. பீப்பாய் மரத்தின் வழியே ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு காற்றில் போகிறது. பெங்களூரில் பத்துக்கும் மேல். அம்ருத் கம்பெனிக்காரர்கள் 2004இல் தங்கள் விஸ்கியைக் கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் விற்க ஆரம்பித்து, 2010இல் ஜிம் மர்ரேயின் விஸ்கிப் புத்தகத்தில் உலகின் மூன்றாவது இடம் என்று பெயர் வாங்கினார்களே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்தக் கழிவுதான். அங்கே பன்னிரண்டு வருஷம் வைத்தால் பீப்பாயில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அதனால் சில வருஷங்களிலேயே இறக்கிவிடுகிறார்கள். வெயில் சீக்கிரம் முதிரவைக்கிறது, சீக்கிரம் எடுத்துக்கொண்டும் போகிறது. பாட்டிலில் அடைத்த பிறகு விஸ்கிக்கு வயதாவதில்லை. ஆனால் தக்கை மூடியாக இருந்தால் காற்று இங்கேயும் தன் பங்கைக் கேட்கிறது. தை முதல் தேதி ஒவ்வொரு பாட்டிலிலும் மட்டம் பார்த்து லேபிள் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுவேன். புளியங்குடி வெயிலில் ஒன்பது வருஷம் நின்ற பாட்டிலில் ஒரு நெல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. திறக்காத பாட்டில். நோட்டில் ‘கழிவு: ஒரு நெல்’ என்று எழுதினேன். ரூபாயில் எவ்வளவு என்று போடவில்லை. ஏற்கெனவே முழுக்கச் செலவெழுதியதில் மறுபடி எதைக் கழிப்பது?

இந்திய விஸ்கி என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது வெளிநாட்டில் விஸ்கியே இல்லை. தானியத்திலிருந்து வடித்தால்தான் ஐரோப்பாவில் அந்தப் பெயர் வைக்கலாம். நம்முடையவற்றில் பெரும்பங்கு கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தோடு மால்ட்டைக் கொஞ்சம் கலந்தது. வாசுதேவநல்லூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு எங்கள் தெருமுனையில் திரும்பிய டிராக்டர்களைப் பார்த்தவனுக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ‘இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுவகை’ என்று அரசாங்கம் வைத்திருக்கும் பெயரைவிட நேர்மையான பெயர் இதற்குக் கிடைக்காது. நம்முடைய நவீனத்துவத்துக்கும் இதே லேபிளை ஒட்டலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் குடிக்காதவர், அதனால் சுலபமாகச் சொல்லிவிட்டார். கசௌலி மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மது வடிக்க ஆரம்பித்த எட்வர்ட் டயரின் மகன்தான் 1919இல் ஜாலியன்வாலாபாகில் சுடச் சொன்ன ஜெனரல் டயர். அந்த மலையிலிருந்து வந்த பாட்டில் ஒன்று ஆறில் ஒன்றாக மூன்று வருஷம் நின்றது. குறிப்புக் கலத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

என் மனைவி வீட்டுச் செலவை டைரியில் எழுதுகிறவள். நோட்டை அவளிடம் மறைத்ததில்லை. “செலவழிக்கது ஒரு பக்கம். அதை இப்படிப் பொன்னெழுத்துல வேற எழுதி வைக்கணுமாக்கும்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எழுதுவதால் செலவு குறைகிறது என்றேன். பழைய பக்கங்களைப் புரட்டி, எழுத ஆரம்பித்த பிறகு வருஷா வருஷம் கூடியிருப்பதை விரலால் காட்டிவிட்டு உள்ளே போனாள். விலைவாசி என்று நான் சொன்னதை அவள் கேட்டிருக்க முடியாது.

அத்தை கேட்டது வேறு கேள்வி. அம்மாவின் அண்ணன் மனைவி. எண்பதைத் தாண்டிய பிறகு ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். மாமா சாராயத்தில் போனவர். 1971இல் மதுவிலக்கை எடுத்தபோது கடைக்குப் போய்க் குடித்தார். 1974இல் மறுபடி மூடிய பிறகு மலையடிவாரத்துக்குப் போய்க் குடித்தார். 1981இல் திரும்பத் திறந்தபோது அவர் இல்லை. தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவருக்குக் கூலி அன்றன்றைக்குத்தான். பெரும்பாலும் பாதிக்கூலி வீடு வராது, பல நாள் முழுக்கூலியும் வராது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பாள். சின்ன வயதில் அது மாமா குடித்துவிட்டு வந்த நாட்களின் கணக்கு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கூலி முழுசாக வந்த நாட்களுக்குத்தான் கோடு. அவைதானே எண்ணக்கூடிய அளவுக்கு இருந்தன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த வருஷக் கணக்கு போய்விடும். பாக்கியை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகிற வழக்கம் அவளிடம் இல்லை.

அலமாரிக்கு முன்னால் நின்று ஆறையும் பார்த்தாள். கையால் தொடவில்லை. விலை கேட்பாள் என்று நினைத்து, உள்ளதைச் சொல்லத் தயாராக இருந்தேன்.

“எய்யா, ஒண்ணு எத்தனை நாளைக்கு வரும்?” என்றாள்.

ஆறு மாசம் என்றேன். நம்பவில்லை. நம்பாததை முகத்தில் காட்டவும் இல்லை. கொஞ்சநேரம் கழித்து, “அவுகளுக்கு ஒரு நாள் வந்திருக்கும்” என்றாள். குறை சொல்கிற குரல் அல்ல. அளவு சொல்கிற குரல்.

28 வருஷமாக எழுதிய நோட்டில் நாள் என்ற கலம் இல்லை. வாங்கிய தேதி உண்டு, திறந்த தேதி பாதிக்கு மேல் உண்டு, தீர்ந்த தேதி சிலவற்றுக்குத்தான். சேகரிப்பவனின் கணக்கு ரூபாயில் இருக்கிறது. குடிகாரன் வீட்டுக் கணக்கு நாளில் இருக்கிறது. ரூபாயை நாளாக மாற்றிப் பார்த்தேன். 28 வருஷத்துக்கு 10,220 நாள், லீப் வருஷங்களை விட்டுவிட்டு. நாளொன்றுக்கு 23 ரூபாய் 10 காசு. மாமாவின் செலவோடு இதை ஒப்பிட முடியாது. அன்றைய ரூபாய் வேறு. கூலியோடு ஒப்பிடலாம். அவருடையது ஒரு நாள் கூலியில் பாதி. என்னுடையது என் ஒரு நாள் பென்ஷனில் ஒரு மூலை. எண்ணளவில் நான் தப்பித்துவிட்டேன். ஆனால் இந்த வகுத்தலை யார் முன்னால் வைப்பது என்று யோசித்தபோது, தப்பித்தவனுக்கு இருக்கவேண்டிய நிம்மதி எனக்கு ஏற்படவில்லை. அத்தைக்குக் காட்டியிருந்தால், மிச்சம் எங்கே என்று கேட்டிருப்பாள்.

மூன்றாவதாக ஒரு கணக்கு அச்சிலேயே வருகிறது. மதுக்கடைகளின் சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் அரசாங்கம் தானே எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 2003-04இல் 3,639 கோடி. 2024-25இல் 48,344 கோடி. சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் இந்தத் தொகைகள் வருஷவாரியாக இருக்கின்றன. குறிப்பைத் தயாரிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. எழுதியதை எழுதியபடி வாசித்தால் போதும். என் 1,74,380இல் பெரும்பகுதி விஸ்கிக்குப் போகவில்லை, வரியாக இந்தக் குறிப்புக்குள் போயிருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரியும் வந்தது. குடிக்காதவன் வாங்கும் உப்பு புளியிலும் அது ஏறியது. மதுவிலக்குப் போய், வந்து, போய், வந்து, போயிற்று, வரி போகவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்து மற்றப் பொருள்களையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு, மாநிலத்தின் கையில் பழைய விற்பனை வரி மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பெட்ரோல், டீசலிலும் மதுவிலும்தான். மதுவை விலக்குவதற்காகப் பிறந்த வரி.

அந்தக் குறிப்பில் வரவுப் பக்கம் இரண்டு தசம ஸ்தானம் வரை சுத்தமாக இருக்கிறது. என் நோட்டில் வரவு இல்லை. அத்தையின் சுவரில் வரவு மட்டும்தான், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பில் போயிற்று. இந்த மூன்றையும் ஒரே பேரேட்டில் பதிகிற கணக்குப்பிள்ளை யாராவது இருந்தால், அத்தையின் கரிக்கோடு ஒன்றுக்கு எத்தனை கோடி என்று அவர் எனக்குச் சொல்ல வேண்டும்.

அத்தை போய் இரண்டு வருஷமாகிறது. நோட்டில் ‘நாள்’ என்று ஒரு கலம் சேர்த்திருக்கிறேன். நீள நோட்டாக இருப்பதால் இடம் இருந்தது. பழைய வரிகளுக்கு ஞாபகத்திலிருந்து நிரப்புவது கூடாது என்று விட்டுவிட்டேன். இப்போது நிற்கும் ஆறில் ஐந்து மூடியவை. அவற்றுக்கு அந்தக் கலம் காலி. திறந்திருப்பது கோவாவில் வடித்தது. நேற்றோடு 143 நாள், இன்னும் நாலு விரற்கடை இருக்கிறது. திருநெல்வேலியில் புதிதாக ஒன்று வந்திருப்பதாகச் சங்கரன்கோவில் வக்கீல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சேவுக்கு அறுபது ரூபாய் எழுதியாயிற்று.